வயிற்றில் இருந்தபோது பட்டினி கிடந்த பிள்ளைகள்

"ரீச்சர், இவன் வயித்தில இருக்கேக்க நான் கஞ்சித் தண்ணியோடதான் இருந்தனான். அதாலதான் இவனுக்குப் படிப்பு ஏறுதில்லையோ?"

இந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞான பாடம் படிப்பித்தவள் என்பதால் மாதர் சங்கக் கூட்டத்திலும் கேட்பார்கள், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தும் கேட்பார்கள். பெரும்பாலானோர் 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் பிள்ளையைச் சுமந்தவர்கள். சிலருடைய கேள்விக்குப் பின்னால் மாமியாரின் குத்தல் பேச்சு இருக்கும். "பிள்ளையின்ர மரபணுவே பழுதாப் போச்சாம்" என்று எங்கேயோ கேட்டதை இன்னும் சிலர் மனதில் வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் இருக்கிறார்கள்.

"ஒண்டும் இல்லை, யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் கேட்பவர் ஆறுதலுக்காக மட்டும் கேட்கவில்லை, உண்மையை அறியத்தான் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு உண்மையான விடை ஒன்று இருக்கிறது. நெதர்லாந்து நாட்டு மக்கள் எண்பது வருடங்களுக்கு முன் பட்ட துன்பத்திலிருந்து அது கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முதல் எங்கள் உடம்பின் கலங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தையல் நிலையத்து அலுமாரி

தையல் பழகிய சகோதரிகளுக்கு இது கடினமாக இராது. ஒரு தையல் நிலையத்தில் எல்லா உடுப்புக்கும் உரிய மாதிரிக் கடதாசிகள் அலுமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மூல மாதிரியை யாரும் மெசினடிக்குக் கொண்டுபோவதில்லை. மெல்லிய தாளை மேலே வைத்துப் படி எடுத்து, அந்தப் படியைக் கொண்டுபோய்த்தான் துணியை வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் படி கிழிந்து போகும். மூலம் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.

எங்கள் உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கரு என்ற ஒரு சிறு அறை உண்டு. (முதிர்ந்த செங்குழியங்களில் அது இல்லை.) அந்த அறைக்குள் இருக்கும் டீ.என்.ஏ. தான் அலுமாரி. புரதங்களைச் செய்வதற்கான ஏறக்குறைய 20,000 மாதிரிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு மாதிரியும் ஒரு பரம்பரையலகு. பத்திரிகைகளில் மரபணு என்று எழுதுவது இதைத்தான். ஒரு புரதம் தேவைப்படும்போது உரிய பரம்பரையலகுக்கு ஒரு படி எடுக்கப்படுகிறது. அந்தப் படியின் பெயர் தூது ஆர்.என்.ஏ. அது கருவை விட்டு வெளியே வந்து இறைபோசோம் என்ற மெசினடிக்குப் போகும். இறைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலமாகக் கோத்துக்கொண்டு போகிறது. கோத்து முடிந்து உரிய வடிவில் மடிந்ததும் அது புரதம். எங்கள் தசை, தலைமயிர், இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின், சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் எல்லாம் இப்படிச் செய்யப்பட்டவையே.

பாடசாலையில் இந்த இடத்துக்கு வரும்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கையை உயர்த்தும். "எல்லாக் கலத்திலையும் எல்லா மாதிரியும் இருக்குதெண்டால், ஏன் ரீச்சர் கண்ணில நகம் முளைக்குதில்லை?"

விஷயமே அதுதான். எல்லா நிலையத்திலும் ஒரே அலுமாரி இருந்தாலும், ஒரு நிலையம் பாடசாலைச் சீருடை மட்டும் தைக்கும், மற்றது சாரிச் சட்டை மட்டும் தைக்கும். இன்சுலினுக்கான மாதிரி குதிக்காலின் தோலிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அதை யாரும் திறப்பதில்லை. சதையியின் சில கலங்களில் மட்டும் அது திறந்திருக்கிறது. எந்த மாதிரியை எப்போது திறப்பது, எத்தனை படி எடுப்பது, எப்போது மூடுவது என்ற இந்த நிர்வாகம்தான் கண்ணைக் கண்ணாகவும் நகத்தை நகமாகவும் வைத்திருக்கிறது. காலத்துக்கேற்பவும் அது மாறும். வயிற்றிலிருக்கும் பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்துதான் ஒட்சிசனை எடுக்க வேண்டும். ஆகவே அதற்குச் சற்று இறுக்கிப் பிடிக்கும் வேறொரு வகை ஈமோகுளோபின் தேவை. பிறந்து சில மாதங்களில் அந்த மாதிரி பெரும்பாலும் மூடப்பட்டு, வளர்ந்தோருக்குரியது திறக்கப்படுகிறது.

இந்த நிர்வாகம் வெளியில் நடப்பதையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பட்டினி கிடந்த நாட்களில் உங்கள் ஈரல் என்ன செய்தது தெரியுமா? சாப்பாட்டிலிருந்து சீனி வரவில்லை என்ற செய்தியை ஓமோன்கள் கொண்டுவர, வேறு பொருட்களிலிருந்து சீனி செய்யும் நொதியங்களின் மாதிரிகளை அது திறந்துவிட்டது. மூளைக்குச் சீனி இல்லாமற் போகாதபடி அது பார்த்துக்கொண்டது. பயத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஓமோன் இன்னும் ஒரு படி மேலே போகும். அது கலத்துக்குள் நுழைந்து, தன்னை ஏற்கும் புரதத்தோடு சேர்ந்து கருவுக்குள்ளேயே போய், டீ.என்.ஏ. மேல் உட்கார்ந்து சில மாதிரிகளைத் திறக்கும், சிலவற்றை மூடும். சாப்பாடு கிடைத்து, பயம் தணிந்ததும் இவற்றில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

திரும்பாமல் நீண்டகாலம் இருக்கும் அடையாளங்களும் உண்டு. மெதைல் கூட்டம் என்பது ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த மிகச் சிறிய பொருள். அதை டீ.என்.ஏ. இன் சில எழுத்துக்களில் கலம் குத்திவைக்கிறது. மாதிரிக் கடதாசியை மடித்துக் குண்டூசி குத்தி வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசி குத்தியதால் மாதிரியின் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் அதைத் திறப்பது கடினமாகிவிடுகிறது. கரு உருவான முதல் சில நாட்களில் பழைய குண்டூசிகளில் பெரும்பகுதி கழற்றப்பட்டுப் புதிதாகக் குத்தப்படுகிறது. குத்துவதற்கு வேண்டிய மெதைல் கூட்டங்களோ தாயின் சாப்பாட்டிலிருந்து வருகின்றன. இலைக்கறி, பயறு, கடலை, முட்டை, ஈரல் இவற்றிலுள்ள போலிக் அமிலம் போன்ற சத்துக்கள்தான் அதற்கு உதவுபவை. தாய்க்குச் சாப்பாடு இல்லையென்றால் என்ன நடக்கும் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

நெதர்லாந்தின் பட்டினிக் குளிர்காலம்

1944 செப்டெம்பரில் நெதர்லாந்தின் தென்பகுதிக்குள் நேச நாட்டுப் படைகள் வந்துவிட்டன. மேற்குப் பகுதியோ இன்னும் ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக இலண்டனிலிருந்த நெதர்லாந்து அரசாங்கம் புகையிரத ஊழியரை வேலைநிறுத்தம் செய்யும்படி கேட்டது. பதிலுக்கு ஜேர்மனியர் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். சில கிழமைகளின் பின் தடையைத் தளர்த்திப் படகுகளில் உணவு கொண்டுபோகலாம் என்றபோது, கடும் குளிரில் வாய்க்கால்கள் உறைந்துபோயின. அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், ஹேக் முதலிய நகரங்களில் பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த உணவு நவம்பர் முடிவில் ஒரு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போனது. டிசெம்பரிலிருந்து ஏப்ரல் வரை 400 க்கும் 800 க்கும் இடையில் நின்றது. 400 கலோரி என்றால் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடிய அரிசி. அதுதான் ஒரு முழு நாளுக்கும். கர்ப்பிணிகளுக்கென்று மேலதிகமாகக் கொடுத்து வந்ததையும் கடைசியில் கொடுக்க முடியாமற் போனது. சனங்கள் சீனி எடுக்கும் பீற் கிழங்கையும், ரியூலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை கிடைத்தது. ஜூனில் ஒருவருக்கு 2000 கலோரிக்கு மேல் கிடைத்தது.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு வேறு ஓர் இடமும் வேறு ஒரு மே மாதமும் ஞாபகத்துக்கு வரும். அதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அந்தப் பெண்களுக்கும் மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் தப்பின. எந்த நகரத்தில் எந்தக் கிழமை எவ்வளவு உணவு கொடுக்கப்பட்டது என்ற பங்கீட்டுக் கணக்கு ஒன்று. பிறந்த பிள்ளைகளின் நிறை, தாயின் நிறை எல்லாம் எழுதிய வைத்தியசாலைப் பதிவேடு மற்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பிள்ளை வயிற்றில் எத்தனையாவது மாதத்தில் பட்டினி கிடந்தது என்று சொல்லிவிடலாம். பிற்காலத்து ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் இதுதான்.

படிப்பு ஏறாததற்குக் காரணம் அதுவா?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் சேனா ஸ்ரைனும் அவருடைய கணவர் மேர்வின் சசரும். இருவரும் தென்னாபிரிக்காவில் பிறந்த வைத்தியர்கள். அங்கிருந்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து, நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் நியூயோர்க்கில் வேலை செய்தார்கள். நெதர்லாந்தில் பத்தொன்பது வயதளவில் ஆண்பிள்ளைகள் கட்டாய இராணுவ சேவைக்குப் பரிசோதிக்கப்பட்டு, புத்திக்கூர்மைச் சோதனையும் எழுதுவது அப்போது வழக்கமாக இருந்தது. ஏறக்குறைய 125,000 பேரின் புள்ளிகளை இவர்களது குழு எடுத்துப் பார்த்தது. வயிற்றில் பட்டினி கிடந்தவர்களுக்கும் கிடக்காதவர்களுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கவில்லை. இது 1972 இல் வெளியானது. (பெண்பிள்ளைகள் இராணுவத்துக்கு அழைக்கப்படாதபடியால் அவர்களின் கணக்கு அதில் இல்லை. பல ஆய்வுகளில் எங்கள் நிலை இப்படித்தான்.)

தாயின் உடம்பு தனக்கில்லாவிட்டாலும் பிள்ளையின் மூளைக்குக் கொடுத்திருக்கிறது. மாமியார் அடுத்த முறை சொல்லும்போது இந்த 125,000 பேரை அவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கருவுற்ற ஆரம்ப மாதங்களில் பட்டினி கிடந்தவர்களை ஐம்பத்தெட்டு வயதளவில் மறுபடி சோதித்தபோது, கவனத்தை ஒன்றில் நிறுத்தும் ஒரு சோதனையில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பொதுவான புத்திக்கூர்மையில் அப்போதும் வித்தியாசம் இல்லை. அளக்கப்பட்டவர்கள் எல்லோரும் பிழைத்து வளர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் கணக்கு வேறு.

எனவே பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் காரணத்தைப் பிறந்ததற்குப் பிறகு தேடுங்கள். கண் சரியாகத் தெரிகிறதா? காது கேட்கிறதா? குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்துக் குறைவு நீண்டநாள் இருந்ததா? எத்தனை வருடப் பள்ளிக்கூடம் இடம்பெயர்வில் போனது? இரவில் திடுக்கிட்டு எழும்புகிறதா? இவற்றில் பலவற்றுக்குச் செய்யக்கூடியது உண்டு. வெடிச் சத்தத்தால் ஒரு காது மந்தமாகி, வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து ஒன்றும் விளங்காமல் "மொக்கன்" என்று பெயர் வாங்கிய பிள்ளை என் வகுப்பிலேயே இருந்தான். முன் வாங்குக்கு மாற்றிய பிறகுதான் அவனுடைய கெட்டித்தனம் தெரியவந்தது.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. ஆனால் நாங்கள் பயப்படும் இடத்தில் அல்ல.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 300 கிராம் வரை நிறை குறைந்து பிறந்தார்கள். ஆரம்பத்தில் மட்டும் பட்டினி கிடந்து, பிறகு சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளோ சாதாரண நிறையோடுதான் பிறந்தார்கள். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 1976 இல் அதே இராணுவப் பதிவுகளைப் பார்த்தபோது, கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி பட்ட இளைஞரிடையே அளவுக்கு மிஞ்சிய பருமன் கூடுதலாக இருந்தது. 1990 களில் அம்ஸ்டர்டாம் வைத்தியசாலை ஒன்றின் பழைய பதிவேட்டிலிருந்து 2,414 பேரின் விபரத்தை எடுத்து, அவர்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். இம்முறை பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஐம்பது வயதளவில், வயிற்றில் பட்டினி பட்டவர்களின் உடம்பு சீனியைச் சமாளிப்பதில் மற்றவர்களைவிடச் சற்றுப் பலவீனமாக இருந்தது. ஆரம்ப மாதங்களில் பட்டினி பட்டவர்களுக்கு இருதய நோயும் கூடுதலாக இருந்தது.

தின்ன ஒன்றுமில்லாத உலகம் ஒன்றுக்கு வரப்போகிறோம் என்று பிள்ளையின் உடம்பு வயிற்றுக்குள்ளேயே ஆயத்தம் செய்ததா, கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகியதா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். பிறந்த பிறகு பாணும் பட்டரும் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சேமிப்பே வினையாகும் அல்லவா? அப்படியென்றால் அந்த ஞாபகம் உடம்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

2008 இல் ஒரு விடை வந்தது. கருவுற்ற காலத்தை ஒட்டிப் பட்டினி பட்ட 60 பேரின் இரத்தத்தை நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஒப்பிடுவதற்கு, பட்டினிக் காலத்துக்கு வெளியே பிறந்த அவர்களுடைய சொந்தச் சகோதரனையோ சகோதரியையோ அழைத்தார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அடுப்பு. வித்தியாசம் பட்டினி மட்டும்தான். வயிற்றில் பிள்ளை வளர்வதற்கு முக்கியமான, இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிப் புரதத்தின் பரம்பரையலகை அவர்கள் பார்த்தார்கள். இதில் ஒரு புதினம் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மாதிரிகள் இருந்தாலும், தாயினுடையது மூடப்பட்டு, தகப்பனுடையது மட்டுமே வாசிக்கப்படுகிறது. அந்தத் திறப்பையும் மூடுதலையும் மெதைல் குண்டூசிகள்தான் பார்த்துக்கொள்கின்றன. பட்டினி பட்டவரிடம் அந்தக் குண்டூசிகள் சகோதரரைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவாக இருந்தன. அறுபது வருடங்களுக்குப் பிறகும்! கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பட்டினி பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இருக்கவில்லை.

இதைக் கேட்டவுடன் பயந்துவிடக் கூடாது. டீ.என்.ஏ. இன் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. "மரபணு பழுதாப் போச்சு" என்பது பிழையான பேச்சு. ஐந்து சதவீதம் என்பது சிறிய வித்தியாசம். அது இருப்பவருக்கெல்லாம் நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. பட்டினிக் குளிர்காலத்தில் கருவான பலர் சாதாரணமாக வாழ்ந்து, கலியாணம் முடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டார்கள். கூடியிருப்பது வாய்ப்பு மட்டும்தான். அதைக் குறைப்பது எங்கள் கையில் உள்ளது.

இப்போது என்ன செய்யலாம்?

2009 இல் பிறந்த பிள்ளைகள் இன்று பதினாறு, பதினேழு வயதில் நிற்கிறார்கள். "அண்டைக்கு இல்லாததை இண்டைக்காவது குடுப்பம்" என்று சோடாவும் பிஸ்கற்றும் வாங்கிக் கொடுக்காத தாய் யார்? எனக்கு அந்த மனம் விளங்கும். ஆனால் நெதர்லாந்துக் கதை எச்சரிப்பது சரியாக இந்த இடத்தைத்தான். வயிற்றில் பட்டினி பட்ட உடம்புக்குச் சீனியும் எண்ணெயும் அளவோடு போதும். முருங்கையிலை, பயறு, மீன், முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். பெடியன் என்றால் விளையாட்டுத் திடலுக்கு விடுங்கள். பெட்டையையும் விடுங்கள், பெரிய பிள்ளையானதும் வீட்டுக்குள் இருத்தாதீர்கள். நிறை கூடிக்கொண்டு போனால் வைத்தியரிடம் காட்டி, வளர்ந்த பிறகு இடைக்கிடை குருதிச் சீனியையும் அழுத்தத்தையும் பார்ப்பது நல்லது. உங்கள் மகள் ஒருநாள் தாயாகும்போது கிளினிக்கில் செய்யும் சீனிப் பரிசோதனையை அவள் தவறவிடக் கூடாது. போலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பம் தரிக்க முன்னரே தொடங்கச் சொல்லுங்கள். குண்டூசி குத்தும் வேலை முதல் நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. அவளுக்குத் தெரியவரும்போது சில கிழமைகள் கடந்திருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. நெதர்லாந்துக்காரருக்குப் பதிவேடு தப்பியது. எங்களில் பலர் கர்ப்பிணி அட்டையையும் பிள்ளையின் நிறை அட்டையையும் வழியிலேயே தவறவிட்டோம். ஆகவே ஒரு கொப்பித் தாளை எடுங்கள். கடைசி மாதவிடாய் எந்த மாதம், அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள், எத்தனை மாதக் கர்ப்பத்தில் சாப்பாடு குறைந்தது, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது திரும்ப ஒழுங்கான சாப்பாடு கிடைத்தது, பிள்ளை எங்கே பிறந்தது, நிறை எவ்வளவு என்றார்கள். ஞாபகம் இருக்கும் அளவுக்கு எழுதுங்கள். பக்கத்தில் இருந்த சகோதரியோ தாயோ உயிரோடு இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள். நாற்பது வயதில் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்கு அது உதவும். தாளைப் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.